100 ரூபாய் ரேஸ் டிக்கெட்டோட உண்மையான விலை என்ன? பெட் கட்டுறவங்களுக்காக மைதானங்கள் செய்ய வேண்டிய 5 விஷயங்கள்



வழக்கமா இங்க மியூச்சுவல் ஃபண்ட், ஹோம் லோன், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு டாபிக் குதிரை ரேஸ். "எந்தக் குதிரை மேல கட்டலாம்"னு டிப்ஸ் தேடி வந்திருந்தா சாரி, அது இங்க கிடைக்காது. ரேஸ் மைதானங்கள் தங்களோட வாடிக்கையாளரை, அதாவது பெட் கட்டுறவரை, இன்னும் நல்லா எப்படி நடத்தலாம்னுதான் பார்க்கப் போறோம்.

"நான் ரேஸ் பக்கமே போறதில்லையே, எனக்கு எதுக்கு?"ன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனா பணம் கைமாறுற எந்த இடத்திலும் நாம கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒண்ணுதான்: "இதோட முழு விலை என்ன?" அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக குதிரை ரேஸ் மாதிரி நல்ல பாடம் கிடைக்கிறது கஷ்டம். கடைசி வரைக்கும் படிங்க. எஃப் அண்ட் ஓ டிரேடிங் பண்றவங்களுக்கும் இதுல ஒரு விஷயம் இருக்கு.

செட்டிநாட்டுக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்?

காரைக்குடியில ரேஸ் மைதானம் கிடையாது. ஆனா தமிழ்நாட்டு ரேஸ் சரித்திரத்தை எழுதினா நம்ம ஊர்ப்பேர் இல்லாம எழுத முடியாது. காரைக்குடியிலிருந்து திருச்சி ரோட்ல கொஞ்ச தூரம் போனா கானாடுகாத்தான் வரும். அங்க இருக்கிற செட்டிநாடு அரண்மனையை ரீல்ஸ்ல பார்க்காதவங்க குறைவு. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி, இந்தியாவின் மிகப் பெரிய பந்தயக் குதிரை உரிமையாளர்களில் ஒருவர். மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குப் பல வருஷம் தலைமை தாங்கியவர். 2015 டிசம்பரில் காலமானார்.

அதே செட்டிநாட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பர்மா, மலேயா, இலங்கைன்னு போய் வட்டித்தொழில் நடத்தின நகரத்தார், கணக்கு எழுதுறதுல கறார். குறிப்பேடு, பேரேடு, வருஷ முடிவில் ஐந்தொகைன்னு பைசா விடாம எழுதுவாங்க. ரேஸ் மைதானத்தில் இன்னைக்கு இல்லாதது இந்தக் கணக்குப் புத்திதான். பெட் கட்டுறவர் கையில ஐந்தொகையை யாரும் கொடுக்கிறதில்லை.

கிண்டி கதை, சுருக்கமா

கிண்டியில் 1777-லிருந்தே குதிரைப் பந்தயம் நடந்ததா வரலாறு சொல்லுது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் உருவாச்சு. 1974-ல் தி.மு.க. ஆட்சியில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க சட்டம் வந்துச்சு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், "குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமை சார்ந்த விளையாட்டு, சூதாட்டம் இல்லை"ன்னு 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்துச்சு.

அடுத்த பிரச்சினை நிலம். 160.86 ஏக்கர் அரசு நிலம். 1945-ல் போட்ட 99 வருஷக் குத்தகையில், வருஷத்துக்கு வாடகை 614 ரூபாய் 13 காசு. ஆமா, ஆயிரம் கூட இல்லை! வாடகை பாக்கியா 730.86 கோடி ரூபாய் கட்டச் சொல்லி 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து மைதானத்துக்கு சீல் வைத்தது. விவகாரம் மறுபடியும் கோர்ட் படி ஏறிச்சு.

வாடகை பற்றி வாதாட கிளப்புக்கும் அரசுக்கும் வக்கீல்கள் இருக்காங்க. டிக்கெட் கவுன்டர்ல நிக்கிறவருக்காக வாதாட யாரும் இல்லை. அவர் கணக்கை நாம போடுவோம்.

100 ரூபாய் எங்க போகுது?

மைதானத்தில் பெட் கட்ட இரண்டு வழி. ஒண்ணு, லைசென்ஸ் வாங்கிய புக்கி. அவர் சொல்ற விலைக்குக் கட்டலாம். இன்னொண்ணு டோட். 1860-களில் பாரிஸில் ஜோசப் ஓலர் கொண்டுவந்த முறை அது. எல்லாரும் கட்டுற பணம் ஒரே உண்டியல்ல சேரும். கிளப் தன் கமிஷனை முதல்ல எடுத்துக்கும். மிச்சத்தை ஜெயிச்ச டிக்கெட்டுகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். அதாவது டோட்ல உங்க எதிராளி கிளப் இல்லை, பக்கத்துல நிக்கிற இன்னொரு ஆள். எந்தக் குதிரை ஜெயிச்சாலும் கிளப்புக்குக் கமிஷன் வந்துடும்.

இதுக்கு மேல ஜிஎஸ்டி. முன்னாடி 28% இருந்தது, 2025 செப்டம்பர் 22-லிருந்து 40%. அதுவும் கிளப்போட கமிஷன் மேல இல்லை, நீங்க கட்டுற முழு பெட் தொகை மேல.

ஒரு எளிய கணக்கு. 100 பேர் ஆளுக்கு 100 ரூபாய் பெட் கட்டுறாங்க, மேல 40 ரூபாய் வரின்னு வெச்சுக்குவோம். கமிஷன் உதாரணத்துக்கு 20%.

- 100 பேர் பாக்கெட்டிலிருந்து வெளியே போன மொத்தப் பணம்: 14,000 ரூபாய்
- அரசுக்கு ஜிஎஸ்டி: 4,000 ரூபாய்
- கிளப் கமிஷன்: 2,000 ரூபாய்
- ஜெயிச்சவங்களுக்குப் பிரிச்சுக் கொடுக்க மிச்சம்: 8,000 ரூபாய்

14,000 போட்டு 8,000 திரும்பி வருது. நூத்துக்கு 57 ரூபாய். குதிரைகள் ஒரு சுத்து ஓடி முடிக்க ஆகுற ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல, கூட்டத்தோட பணத்துல 43% காலி.

ஒரு நாள்ல ஒரு ரேஸோட யாரும் எழுந்து போறதில்லை. திரும்பி வந்த பணத்தையே அடுத்த ரேஸ்ல கட்டுவாங்க. 1,000 ரூபாயோட உட்கார்ந்து, சராசரி ஆள் மாதிரி கிடைக்கிறதை மறுபடி மறுபடி கட்டினா, முதல் ரேஸ் முடிவில் 571. இரண்டாவதில் 327. மூணாவதில் 187. நாலாவதில் 107. அஞ்சாவது ரேஸ் முடியுறப்ப 61 ரூபாய். டீ, வடை சாப்பிட்டு பஸ் டிக்கெட் எடுக்கச் சரியா இருக்கும்.

ஜெயிச்சாலும் விட மாட்டாங்க

"நான் சராசரி ஆள் இல்லை, ஜெயிப்பேன்"னு சொல்றவங்களுக்கு அடுத்த கணக்கு. ஒரு தடவை ஜெயிக்கிற தொகை 10,000 ரூபாயைத் தாண்டினா 30% டிடிஎஸ் பிடிப்பாங்க. செஸ் சேர்த்து வரி 31.2%.

கவனிங்க, இது உங்க லாபத்துக்கு வரி இல்லை, ஜெயிச்ச தொகைக்கு வரி. வருஷம் முழுக்க 60,000 ரூபாய் தோத்து, ஒரே ஒரு நாள் 50,000 ஜெயிச்சவரை எடுத்துக்குவோம். நம்ம பார்வையில அவருக்கு 10,000 நஷ்டம். வருமான வரிச் சட்டத்தின் பார்வையில அவருக்கு 50,000 வருமானம். வரி 15,600 ரூபாய். மொத்தத்துல கையை விட்டுப் போனது 25,600.

சம்பளக்காரங்க அடிக்கடி தப்பாப் புரிஞ்சுக்கிற இடம் ஒண்ணு. "என் சம்பளம் வருஷம் 8 லட்சம்தான், புது வரி முறையில 12 லட்சம் வரைக்கும் வரி இல்லையே, ரிட்டர்ன் போட்டு டிடிஎஸ்ஸைத் திரும்ப வாங்கிக்கலாம்"னு நினைக்கிறாங்க. முடியாது. அந்தத் தள்ளுபடி ரேஸ்ல ஜெயிச்ச பணத்துக்குப் பொருந்தாது. 80சி மாதிரி கழிவும் கிடையாது. போதாக்குறைக்கு எளிமையான ஐடிஆர்-1 படிவமும் உங்களுக்குச் செல்லாது, ஐடிஆர்-2 போடணும்.

இன்னொரு வேடிக்கை. பந்தயக் குதிரை வளர்க்கிற ஓனருக்கு அதுல நஷ்டம் வந்தா, நாலு வருஷம் வரைக்கும் அதை முன்னெடுத்துட்டுப் போய், அதே தொழில்ல வர்ற வருமானத்துல கழிச்சுக்கலாம். டிக்கெட் வாங்குறவருக்கு ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. குதிரை வெச்சிருக்கிறவருக்கு ஒரு நியாயம், குதிரையை நம்பினவருக்கு ஒரு நியாயம்!

"திறமை விளையாட்டு"ன்னு கோர்ட்டே சொல்லிடுச்சே?

சொன்னது உண்மைதான். குதிரையோட வம்சம், பழைய ஓட்டம், ஜாக்கி, தரை ஈரமா காய்ஞ்சிருக்கா, எத்தனை கிலோ சுமக்குது, இதையெல்லாம் படிச்சவர் படிக்காதவரை விட நல்லாக் கணிப்பார். ஆனா "திறமை"ங்கிறது சட்ட வார்த்தை. "லாபம்"ங்கிறது கணக்கு வார்த்தை. இரண்டையும் குழப்பிக்கக் கூடாது.

மேலே போட்ட உதாரணத்துல, சராசரி ஆளுக்கு ஒரு பெட்டுக்கு 80 ரூபாய் திரும்புது. அசலும் வரியும் சேர்ந்து உங்க செலவு 140. கை நஷ்டம் இல்லாம எழுந்திரிக்கணும்னாலே நீங்க கூட்டத்தை விட 75% சிறந்தவரா இருக்கணும். ஒரு நாள் இல்லை, தொடர்ச்சியா. அது மட்டுமில்ல, ஹேண்டிகேப் பந்தயங்கள்ல நல்லா ஓடுற குதிரைக்கு அதிக எடை ஏத்துவாங்க. எல்லாக் குதிரையும் ஏறக்குறைய ஒண்ணா வந்து முடியணும்ங்கிறதுதான் அதோட நோக்கமே. "நிச்சயமா ஜெயிக்கும்"னு யாராவது சொன்னா, அந்த நிச்சயத்தை ஒழிக்கத்தான் ஒரு ஆள் சம்பளம் வாங்கிட்டு உட்கார்ந்திருக்கார்னு ஞாபகம் வெச்சுக்குங்க.

மைதானங்கள் செய்ய வேண்டிய 5 விஷயங்கள்

பெட் கட்டுறவருக்கு நல்ல அனுபவம்னா ஏசி ஹாலும் பெரிய திரையும்னு நினைக்கிறாங்க. அதெல்லாம் வேண்டாம்னு சொல்லலை. ஆனா முதல்ல வர வேண்டியது வேற.

*1. டிக்கெட்டிலேயே கணக்கை அச்சடிங்க.*

"உங்கள் செலவு 140. இதில் வரி 40. கிளப் கமிஷன் இவ்வளவு. சராசரியாகத் திரும்புவது இவ்வளவு." நாலு வரி, தமிழ்ல. இது நடக்காத காரியம் இல்லை. மியூச்சுவல் ஃபண்ட்ல செலவு விகிதத்தை வெளிப்படையா சொல்லித்தான் ஆகணும். எஃப் அண்ட் ஓ ஆப்பைத் திறந்தா "10 தனிநபர் டிரேடர்களில் 9 பேர் நஷ்டம் அடைகிறார்கள்"னு காட்டச் சொல்லி செபி 2023-ல் உத்தரவு போட்டுச்சு. ஷேர் மார்க்கெட்டுக்கு இருக்கிற இந்தக் குறைந்தபட்ச நேர்மை டோட் கவுன்டருக்கும் வரணும்.

*2. பெட் மேல வரி வேண்டாம், கமிஷன் மேல வரி போடச் சொல்லிக் கேளுங்க.*

இது அரசோட முடிவுதான். ஆனா கிளப்புகள் வாடிக்கையாளர் சார்பா கேட்கலாம். பிரிட்டனில் 2001 அக்டோபர் வரைக்கும் பெட் கட்டுறவரிடம் 9% பிடிச்சாங்க. அதை எடுத்துட்டு, நடத்துறவங்களோட மொத்த லாபத்தில் 15% வரி போட்டாங்க. ஹாங்காங்கிலும் 2006-ல் மொத்த பெட் தொகையை விட்டுட்டு, பரிசு கொடுத்தது போக மிச்சமாகிற தொகை மேல வரியை மாத்தினாங்க.

"சூது மாதிரியான விஷயத்துக்கு அதிக வரி போட்டாத்தான் மக்கள் குறைச்சு ஆடுவாங்க"ன்னு வாதம் உண்டு. சிகரெட்டுக்கு அது ஓரளவு சரி. ரேஸ்ல ஒரு சிக்கல் இருக்கு. இங்க 40% வரி, டிடிஎஸ், ரசீது. போன்ல பெட் எடுக்கிற திருட்டு புக்கிக்கு இது எதுவும் கிடையாது, கடனும் கொடுப்பான். வரி ஏற ஏற மைதானத்துக்குள்ள இருந்தவர் அவன்கிட்ட போறார். அங்க தோத்தா டிக்கெட்டோட போகாது, வீடு தேடி வருவாங்க.

*3. தகவலைத் தமிழ்ல கொடுங்க.*

எடை ஏன் மாறிச்சு, விசாரணையில என்ன முடிவாச்சு, போன அஞ்சு ஓட்டத்துல இந்தக் குதிரை என்ன செஞ்சது, எல்லாம் எளிய தமிழ்ல இலவசமா போன்லயே கிடைக்கணும். தகவல் இல்லாத இடத்தை டிப்ஸ் விக்கிறவங்க நிரப்புவாங்க. "உள்ள இருந்து வந்த நியூஸ் சார்"னு ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் காசுல போய்த்தான் முடியும். அது ரேஸா இருந்தாலும் சரி, டெலிகிராம் ஷேர் டிப்ஸா இருந்தாலும் சரி.

*4. நிறுத்துறதுக்கு ஒரு பொத்தான் வைங்க.*

"இன்னைக்கு எனக்கு 500 ரூபாய்தான்"னு வாசல்லயே பதிவு பண்ணிட்டா, அதுக்கு மேல எந்தக் கவுன்டரும் டிக்கெட் கொடுக்கக் கூடாது. பிரிட்டன் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டில் சூதாடுறதையே தடை செய்தது. நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் வேலை பார்க்கிற சிங்கப்பூர்ல, கேசினோவுக்குள்ள ஒருத்தரை விடாதீங்கன்னு அவர் குடும்பமே விண்ணப்பிக்கலாம். தானாகவும் பேர் கொடுக்கலாம். உள்ளூர்க்காரங்களுக்கு ஒரு நாள் நுழைவு வரி 150 சிங்கப்பூர் டாலர். வர்றவரைத் தடுக்கிறது எப்படி "நல்ல அனுபவம்" ஆகும்னு கேட்டா, மாசக் கடைசியில அவர் வீட்ல கேளுங்க.

*5. பெட் கட்டாமலே வந்து பார்க்கிற மாதிரி இடத்தை மாத்துங்க.*

நம்ம சிவகங்கைப் பக்கம் கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டுன்னு தனித்தனிப் பிரிவு. ரோட்டோரம் ரெண்டு பக்கமும் சனம் நிக்கும். ஐஸ் வண்டி வரும், சின்னப் பிள்ளைங்க அப்பா தோள்ல உட்கார்ந்து பார்க்கும். பரிசு மாட்டுக்காரருக்கும் சாரதிக்கும். நமக்கு எந்த மாடு யாரோடது, போன வருஷம் யார் ஜெயிச்சாங்கங்கிற பேச்சே போதும். மைதானத்திலும் நிழல், குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, குடும்பத்தோட உட்கார இடம், காலையில குதிரைப் பயிற்சியைப் பார்க்க அனுமதி இதெல்லாம் இருந்தா, வர்ற ஆளோட ஒரே பொழுதுபோக்கு டிக்கெட்டா இருக்காது. சிங்கப்பூர் கிராஞ்சி மைதானத்துல கூட்டம் குறைஞ்சுக்கிட்டே வந்து, 2024 அக்டோபர் 5-ம் தேதி கடைசிப் பந்தயத்தோட 180 வருஷத்துக்கும் மேலான கதை முடிஞ்சது. பெட் கட்டுறவங்களை மட்டும் நம்பின மைதானத்துக்கு அவங்க குறைஞ்சா வேற ஆளில்லை.

நீங்க என்ன செய்யணும்?

மைதானம் மாறுற வரைக்கும் நாம காத்திருக்க வேண்டாம். நகரத்தார் கணக்குல முக்கியமான கேள்வி "எவ்வளவு"ங்கிறது மட்டும் இல்லை. "எந்தப் பக்கத்துல எழுதறது"ங்கிறதும்தான்.

- பெட்டை முதலீட்டுப் பக்கத்துல எழுதாதீங்க. சினிமா, ஹோட்டல் மாதிரி செலவுப் பக்கத்துல எழுதுங்க. மாசம் 30,000 சம்பளத்துல பொழுதுபோக்குக்கு 1,500 ஒதுக்கினா, ரேஸும் அந்த 1,500-க்குள்ளதான்.
- தோத்ததை அடுத்த ரேஸ்ல பிடிக்கலாம்னு தோணுச்சுன்னா, அதுதான் கிளம்ப வேண்டிய நேரம். 571, 327, 187 வரிசையை நினைச்சுப் பாருங்க.
- கடன் வாங்கி, கிரெடிட் கார்டைத் தேய்ச்சு, நகையை வெச்சு ஒரு ரூபாய் கூட வேண்டாம்.
- ஜெயிச்சா அந்த மாசமே வரியைத் தனியா எடுத்து வைங்க. டிடிஎஸ் பிடிச்சாலும் செஸ் பாக்கி இருக்கும்.
- பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செஞ்சிருக்கு. "வெளிநாட்டு ஆப், பிரச்சினை இல்லை"ன்னு வர்ற லிங்கைத் தொடாதீங்க. அங்க பணம் மாட்டினா புகார் கொடுக்கக் கூட முகவரி இருக்காது.

எஃப் அண்ட் ஓ நண்பர்களே, உங்களுக்குச் சொன்ன விஷயம் இதுதான். 2021-22 முதல் 2023-24 வரை மூணு நிதியாண்டுல 93% தனிநபர் டிரேடர்கள் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேலன்னு செபியோட ஆய்வு சொல்லுது. அங்கயும் புரோக்கரேஜ், வரி, கட்டணம் எல்லாம் நீங்க ஜெயிச்சாலும் தோத்தாலும் போகும். அங்கயும் எதிர்ல நிக்கிறது இன்னொரு ஆள்தான், அவர் உங்களை விடப் பெரிய கம்ப்யூட்டர் வெச்சிருக்கார். "திறமை இருந்தா ஜெயிக்கலாம்"ங்கிற வாசகமும் அதேதான். குதிரை மட்டும்தான் இல்லை.

ரேஸ் நல்லதா கெட்டதாங்கிற விவாதம் 50 வருஷமா சட்டமன்றத்திலும் கோர்ட்டிலும் நடக்குது, இன்னும் நடக்கும். அதுவரைக்கும் ஒரு சின்னக் கோரிக்கைக்கு யாரும் ஆட்சேபம் சொல்ல முடியாது: காசு வாங்குறதுக்கு முன்னாடி விலையைச் சொல்லுங்க. காரைக்குடி சந்தையில கத்தரிக்காய் விக்கிற அக்கா கூட அதைச் செய்யறாங்க.

உங்க சம்பளக் கணக்குல "முழு விலை" தெரியாம நீங்க வாங்கிட்டிருக்கிற ஒண்ணு என்னன்னு யோசிச்சு கமெண்ட்ல எழுதுங்க. இன்சூரன்ஸ் பாலிசியா, சீட்டா, ஜீரோ காஸ்ட் இஎம்ஐயா, எதுவா இருந்தாலும் சரி. அதிகம் பேர் கேட்கிறதை எடுத்து, இதே மாதிரி 100 ரூபாய் கணக்கா பிரிச்சு அடுத்த வீடியோவுல போடறோம். பேப்பரும் பேனாவும் எடுத்து வைங்க, சந்திப்போம்!